ரேஷன் கார்டைப் பார்த்துப் பாடியவர்

வானொலிப் பெட்டி வைத்துக்கொள்ள அரசாங்கத்திடம் லைசன்ஸ் வாங்கி, வருஷா வருஷம் தபால் ஆபீசில் பணம் கட்டி, அந்தச் சின்னப் புத்தகத்தில் முத்திரை குத்தி வாங்கிப் பத்திரப்படுத்திய தலைமுறையில் இன்னும் கொஞ்சம் பேர் மிச்சமிருக்கிறோம். நீங்களும் அந்தக் கூட்டம் என்றால், மொட்டை மாடியில் இரண்டு மூங்கில் கழிகளுக்கு நடுவே இழுத்துக் கட்டிய ஏரியலும், பெட்டி சூடாகும்வரை காத்திருந்து முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்தியதும், மாஸ்கோ தமிழில் கோதுமை விளைச்சலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து நிலையத்திலிருந்து ஒரு சீனப் பாட்டு உள்ளே நுழைந்து இரண்டும் சேர்ந்தே ஒலித்ததும், "அதை அணைச்சுத் தொலையேன்டா, மணி என்ன ஆச்சு" என்ற அப்பாவின் குரல் மட்டும் எந்த இரைச்சலும் இல்லாமல் துல்லியமாகக் கேட்டதும் நினைவிருக்கும். இன்றைக்கு என் கைப்பேசியில் எந்த நாட்டு நிலையமும் சுத்தமாக வருகிறது. கேட்கத்தான் தோன்றுவதில்லை.

அந்த இரைச்சலுக்குள்ளிருந்துதான் எனக்கு ஜாஸ் வந்தது. வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவில் வில்லிஸ் கோனோவர் என்பவர் 1955 முதல் நடத்திவந்த நிகழ்ச்சி. டியூக் எலிங்டன் குழுவின் 'டேக் தி ஏ ட்ரெய்ன்' முகப்பு இசையாக ஓடி அடங்கியதும், ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவனுக்கும் பிடிபடட்டும் என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, கனத்த குரலில் பேசுவார். போலந்திலும் ரஷ்யாவிலும் அவருக்கு ஏராளமான ரசிகர்கள். சொந்த நாட்டில் தெருவில் போனால் திரும்பிப் பார்க்க ஆள் கிடையாது. வெளிநாட்டுக்கென்று அரசுப் பணத்தில் செய்கிற ஒலிபரப்பை உள்நாட்டு மக்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று அங்கே சட்டம் இருந்தது. நம்மூரில் அப்போது எமர்ஜென்சி. அரசுப் பிரசாரம் முழுக்க முழுக்க உள்நாட்டு மக்களுக்கே.

நான் சொல்லும் ஊர் திருச்சி பொன்மலை. 1928இல் ரயில்வே பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து இங்கே இடம்பெயர்ந்தபோது கூடவே வந்து குடியேறிய ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் எழுபதுகளிலும் கொஞ்சம் மிச்சமிருந்தன. ஒவ்வொரு வருஷமும் இரண்டு வீடு காலியாகி ஆஸ்திரேலியாவுக்குப் போகும். எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தவர், ஓய்வு பெற்ற ரயில் டிரைவர், ஒய்.பி. எஞ்சின் ஓட்டி நெருப்பிலும் கரியிலும் வெந்து சிவந்த கைகள். தெருவே அவரை அங்கிள் என்றுதான் அழைக்கும், அவரைவிட மூத்த என் தாத்தா உட்பட. அவர் வீட்டில் ஒரு ரெக்கார்டு பிளேயரும், ஜிம் ரீவ்ஸ், நாட் கிங் கோல், லூயி ஆம்ஸ்ட்ராங் தட்டுகளும், ரயில்வே இன்ஸ்டிட்யூட் கிறிஸ்துமஸ் நடனத்தில் தான் கிளாரினெட் வாசித்த காலத்துப் புகைப்படமும் இருந்தன. நான் போனால், "என்னா மேன், மறுபடியும் வந்துட்டியா?" என்பார். ஆன்ட்டி ஒரு தட்டில் கல்கல் கொண்டுவந்து வைப்பார். கேட்கப் போவது பாட்டா, தின்னப் போவது கல்கல்லா என்ற கேள்விக்கு அப்போதே என்னிடம் நேர்மையான பதில் இல்லை.

கப்பலில் வேலை பார்த்த அவருடைய தங்கை மகன் ஒரு லீவில் யோகோஹாமாவிலிருந்து ஒரு தட்டு கொண்டுவந்தான். அட்டையின் ஓரத்தில் நீளமாக ஒரு காகிதப் பட்டை, அதில் முழுக்க ஜப்பானிய எழுத்து. நடுவே ஒரு கறுப்பினப் பெண்ணின் பெயர்: ஆபி லிங்கன். ஆல்பத்தின் பெயர் 'பீப்பிள் இன் மீ'. தனக்குள் இருக்கும் மனிதர்கள் என்று தலைப்பு வைத்துக்கொண்ட ஒரு அமெரிக்கப் பாடகியின் தட்டு ஜப்பானில் அச்சாகி, ஆங்கிலோ இந்திய மாலுமி கையால் பொன்மலைக்கு வந்து, பணிமனைச் சங்கு ஊதி முடிந்த ஒரு சாயங்காலத்தில், அச்சுமுறுக்கும் கல்கல்லும் தின்றுகொண்டிருந்த தமிழ்ப் பையன் காதில் விழுந்தது என்பதை நான் அப்போது ஒரு அதிசயமாகக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. பாட்டு என்றால் யாராவது தூக்கிக்கொண்டு வந்துதான் ஆகவேண்டும் என்பது அந்தக் காலத்து இயற்கை விதி.

முதல் கேட்பில் அங்கிளுக்குப் பிடிக்கவில்லை. "டான்ஸுக்கு ஆவாது மேன்" என்று தீர்ப்புச் சொல்லி ஊசியைத் தூக்கிவிட்டார். உண்மைதான். ஜிம் ரீவ்ஸ் குரல் தடவிக்கொடுக்கும். இந்தக் குரல் உட்கார வைத்துப் பேசும். சில இடங்களில் சுருதியின் ஓரத்தில் நின்றுகொண்டு, விழுந்துவிடுவாரோ என்று நாம் பயப்படும்வரை நீட்டிப் பிறகு தன் இஷ்டத்துக்கு வந்து சேரும். சாக்ஸஃபோன் கலைஞர் கோல்ட்ரேனின் 'ஆப்பிரிக்கா' என்ற இசைக்குத் தானே சொல் எழுதிப் பாடியிருந்தார். தாக்கி ரெந்தாரோ 1901இல் அமைத்த 'கோஜோ நோ த்சுகி' என்ற பழைய ஜப்பானியப் பாட்டும் அதில் இருந்தது. எங்களுக்கு ஆப்பிரிக்காவும் தெரியாது, ஜப்பானும் தெரியாது. தலைப்புப் பாட்டுதான் வழி திறந்தது. வாசல் திண்ணையில் குழந்தைகள் சாட்பூட்திரி போடுகிற மெட்டில், எனக்குள்ளே இந்த நாட்டார் இருக்கிறார்கள், அந்த நாட்டார் இருக்கிறார்கள் என்று ஒரு ஜனப் பட்டியல். அடிமைக் கப்பலில் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த ஒருத்தி, பரம்பரை என்ற சொல்லையே பறிகொடுத்த இனத்தில் பிறந்தவள், போனால் போகிறது, உலகம் முழுவதுமே என் பாட்டன் முப்பாட்டன் என்று சொந்தம் கொண்டாடுகிறாள்.

அங்கிள் இரண்டாம் தடவை ஊசியை வைத்தார். மூன்றாம் தடவை விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். அப்பா வழியில் அயர்லாந்து, குடும்பப் பெயர் போர்ச்சுகல், ஒரு பாட்டி குண்டக்கல் தெலுங்கு, இன்னொரு பாட்டி நாகப்பட்டினம். பிறகு ஆன்ட்டி பக்கம் திரும்பி, "இந்தம்மா நம்ம ரேஷன் கார்டப் பாத்துட்டுப் பாடுறா" என்றார்.

அதைவிட நல்ல இசை விமர்சனத்தை நான் இதுவரை எங்கேயும் படிக்கவில்லை.

இந்திய அரசியல் சட்டம் தனி விளக்கம் எழுதி அடையாளப்படுத்திய மிகச் சில சமூகங்களில் அவர்களுடையது ஒன்று. 366ஆவது ஷரத்தின் இரண்டாம் உட்பிரிவு: தந்தையோ, தந்தைவழி ஆண் முன்னோரில் யாரோ ஐரோப்பியராக இருந்தால் ஆங்கிலோ இந்தியர். ஆண்வழி மட்டும்தான் கணக்கு. குண்டக்கல் பாட்டியும் நாகப்பட்டினம் பாட்டியும் சட்டத்தின் கண்ணில் படவேயில்லை. ஆபி லிங்கன் கண்ணில் பட்டுவிட்டார்கள். லோக்சபாவில் அவர்களுக்கென்று இரண்டு நியமன இடங்கள் இருந்தன, நம் சட்டமன்றத்தில் ஒன்று. 104ஆவது திருத்தத்தோடு 2020 ஜனவரியில் அந்த ஏற்பாடும் முடிந்துபோயிற்று. அங்கிள் அதற்கு வெகுகாலம் முன்பே தன்னுடைய எல்லா முன்னோர்களையும் சேர்த்து மூட்டை கட்டிக்கொண்டு பெர்த் நகரத்துக்குப் போய்விட்டார்.

என் கதைக்கு வருகிறேன். அந்தப் பாட்டு காதில் ஓடிக்கொண்டிருந்த அதே வருஷம்தான் பி.யூ.சி. சேர எனக்குச் சாதிச் சான்றிதழ் தேவைப்பட்டது. கர்ணம் வீட்டுத் திண்ணை, ரெவின்யூ இன்ஸ்பெக்டர் கையெழுத்து, தாலுகா ஆபீஸ் வேப்பமரத்தடி என்று அலைந்தவர்களுக்குத் தெரியும், அந்தப் படிவத்தில் மனிதனுக்கு ஒதுக்கியிருப்பது ஒரே ஒரு புள்ளிக்கோடு. எனக்குள் ஆப்பிரிக்காவும் சீனாவும் ஜப்பானும் பொங்கிக்கொண்டிருந்த நேரம். இதில் எதை எழுத என்று பேனாவைத் தூக்கிப் பிடித்து நான் யோசித்ததைப் பார்த்த குமாஸ்தா, எனக்குச் சாதி தெரியவில்லை என்று நினைத்து, "தம்பி, வீட்டுல கேட்டுட்டு வா" என்றார். அப்பாவிடம் போய் உலக மானுடத்தைப் பற்றி விளக்கினேன். அவர் பேனாவை வாங்கி அந்தக் கோட்டை நிரப்பிவிட்டு, டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் உண்மை நகல் அடிக்கவும், கெஜட்டட் ஆபீசரிடம் பச்சை மையில் கையெழுத்து வாங்கவும் காசு கொடுத்தார். கர்ணம் பதவியையே 1980இல் ஒழித்துவிட்டார்கள். இன்றைக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் க்யூஆர் கோடு போட்ட சான்றிதழ் வருகிறது, வேப்பமரம் வேண்டாம், பச்சை மை வேண்டாம். புள்ளிக்கோடு மட்டும் அதே நீளம்.

கல்லூரிக்குப் போனதும் நான் உலகக் குடிமகனாக முழுநேரப் பதவி ஏற்றேன். தாடி வந்த அளவுக்கு வளர்த்தேன். தமிழ்நாட்டில் ஒருவன் மாறிவிட்டான் என்பதை ஊருக்கு அறிவிக்க முதல் வழி பெயரை மாற்றுவது. வேதாசலம் மறைமலையடிகள் ஆனார், சூரியநாராயண சாஸ்திரி பரிதிமாற்கலைஞர் ஆனார், நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். நானும் ஒரு சிற்றிதழுக்குக் கவிதை அனுப்புவதற்காகப் பெயர் வைத்துக்கொண்டேன். அதில் ஒரு நதி இருந்தது, ஒரு புரட்சி இருந்தது, ஒரு கண்டம் இருந்தது. என் தகப்பனார் பெயர் மட்டும் இல்லை. ஆசிரியர் அந்தப் பெயருக்கே பதில் கார்டு போட, தபால்காரர் தெருவின் இரண்டு முனையிலும் நின்று அதை உரக்க வாசித்து, "இந்த ஆளு யாருன்னு தெரியுமா?" என்று கேட்க, என் அம்மா உட்பட ஒருவரும் தெரியாது என்று சொல்லிவிட்டார்கள். கவிதை வேண்டாம் என்றுதான் அதில் எழுதியிருந்ததாம். அந்தத் தகவல் தெரு முழுவதும் பரவிய பிறகே என்னிடம் வந்தது.

பெயர் விஷயத்தில் ஆபி லிங்கன் என்னைவிட எவ்வளவோ முன்னே போனவர் என்பதெல்லாம் பின்னால் தெரிந்தது. 1930இல் சிகாகோவில் பிறந்தபோது ஆனா மேரி வூல்ட்ரிஜ். மிஷிகனில் ஒரு கிராமத்துப் பண்ணையில் வளர்ந்த பன்னிரண்டு பிள்ளைகளில் பத்தாவது. இரவு விடுதிகளில் பாடத் தொடங்கியபோது கேபி லீ. பாப் ரஸ்ஸல் என்ற பாடலாசிரியர் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆபியில் பாதியையும் ஆபிரகாம் லிங்கனில் பாதியையும் ஒட்டி, அந்த லிங்கனால் முடியாததை நீ முடித்துவிடு என்று வேடிக்கை சொல்லி வைத்த பெயர்தான் ஆபி லிங்கன். எழுபதுகளில் ஆப்பிரிக்கா போனபோது கினி நாட்டு அதிபர் சேகு தூரே அமினாட்டா என்றார், ஜயரில் மொசேகா என்றார்கள். எல்லாப் பெயரையும் வைத்துக்கொண்டார். உடுப்பிலும் அப்படி ஒரு கதை உண்டு. 1956இல் வந்த 'தி கேர்ள் காண்ட் ஹெல்ப் இட்' படத்தில், மர்லின் மன்றோ வேறொரு படத்தில் போட்ட உடையைப் போட்டுக்கொண்டு தோன்றினார், புகழ் வந்தது. பிறகு ஒருநாள் அதே உடையைக் குப்பை எரிக்கும் உலையில் போட்டுவிட்டார். 1960இல் டிரம்ஸ் கலைஞர் மேக்ஸ் ரோச்சோடு 'ஃப்ரீடம் நவ் சூட்' இசைத்தட்டில் சொல்லே இல்லாமல் அவர் அலறுகிற ஒரு பகுதி உண்டு. அதற்குப் பிறகு அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனிகள் பல வருஷம் அவர் பக்கம் வரவில்லை. 'பீப்பிள் இன் மீ'யை 1973இல் டோக்கியோவில் பதிவு செய்யவேண்டியிருந்ததற்கும், அது அமெரிக்காவில் வெளிவர மேலும் வருஷங்கள் ஆனதற்கும் பின்னால் இந்தக் கதை இருக்கிறது. கோனோவரும் சரி, இவரும் சரி, சொந்த ஊரில் கேட்காத குரல்கள் பொன்மலையில் கேட்டன. நாங்கள் அதற்காக எந்த முயற்சியும் எடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அங்கிள் வீட்டுச் சாமான்கள் ஏலம் போவதற்கு முன்னால் அந்தத் தட்டைக் கடன் வாங்கி, மலைக்கோட்டைப் பக்கம் 'பாடல்கள் பதிவு செய்து தரப்படும்' என்று பலகை மாட்டியிருந்த கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "லிங்கனுங்கிறது ஜனாதிபதியாச்சே, பாட்டும் பாடுவாரா?" என்றார். அவர் அவ்வளவு தூரம் தப்பாகச் சொல்லவில்லை என்பது மேலே படித்த உங்களுக்குத் தெரியும். கேசட்டில் மிச்சமிருந்த இடத்தை வீணாக்க மனமில்லாமல் கடைசியில் எல்.ஆர். ஈஸ்வரி பாட்டு ஒன்றைப் போட்டு நிரப்பிக் கொடுத்தார். பல வருஷம் அப்படியே கேட்டுக் கேட்டு, இன்றும் அந்த ஆல்பம் முடிந்தவுடன் என் காது ஈஸ்வரியை எதிர்பார்க்கிறது. ஆபி லிங்கன் கேட்டிருந்தால் அவரையும் பட்டியலில் சேர்த்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

கேசட் போய் சிடி வந்தது. தொண்ணூறுகளில் ஸ்டான் கெட்ஸ் கூட வாசித்த, ஆபி லிங்கனின் 'யூ காட்டா பே தி பேண்ட்' சிடியை வாங்க ஒரு மாதச் சம்பளத்தில் கணிசமான பகுதியைச் செலவழித்துவிட்டு வீட்டில் விலையைப் பாதியாகச் சொன்னேன். இதை எல்லாக் கணவர்களும் ஏதோ ஒரு பொருளுக்குச் செய்திருப்பீர்கள். அறுபது வயதுப் பெண்ணின் குரல், தனக்குத் தர வேண்டியதை உலகத்திடம் வட்டியோடு கேட்கிற குரல். கெட்ஸ் அந்த 1991ஆம் வருஷமே இறந்துபோனார். ஆபி லிங்கன் 2010 ஆகஸ்டில், நியூயார்க்கில்.

இப்போது 'பீப்பிள் இன் மீ' என் கைப்பேசியில் இருக்கிறது. தேடிய மாத்திரத்தில் வருகிறது, கீறல் இல்லை, ஈஸ்வரி இல்லை. ஜப்பானிய எழுத்துப் பட்டைக்குள் அன்று எங்களால் படிக்க முடியாத பெயர்கள், டேவ் லீப்மன், அல் ஃபாஸ்டர், எம்டூமே, மூவரும் மைல்ஸ் டேவிஸ் குழுவோடு ஜப்பான் வந்த இடத்தில் இவருக்கும் வாசித்துக் கொடுத்தவர்கள் என்பதெல்லாம் இன்று யாரும் தெரிந்துகொள்ளலாம். அதனாலேயே யாரும் தெரிந்துகொள்வதில்லை. பாட்டு முடிந்ததும் செயலி என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வருகிறது. 'உங்களுக்காக' என்று ஒரு பட்டியல், என்னைப்போன்றவர்கள் கேட்பவை என்று இன்னொன்று, மழைநாள் மாலைக்கு ஒன்று, வருஷக் கடைசியில் நான் யார் என்று வண்ண அட்டையில் ஒரு அறிக்கை. தாலுகா ஆபீசாவது என்னிடம் ஒரு வார்த்தை கேட்டது.

இதையும் மிஞ்சினான் அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன் மகன். என் பிறந்தநாளுக்கு மரபணுச் சோதனைப் பெட்டி ஒன்று கொண்டுவந்தான். குழாயில் எச்சில் துப்பிக் கொடுத்தால் நமக்குள் எந்தெந்த நாட்டார் இருக்கிறார்கள் என்று சதவீதக் கணக்கோடு சொல்லிவிடுவார்களாம். "சித்தப்பா, நீங்க அடிக்கடி கேப்பீங்களே அந்தப் பாட்டு, இது அதேதான்" என்றான். பாட்டாகக் கேட்டால் சந்தோஷம், ரிப்போர்ட்டாக வந்தால் வயிற்றைக் கலக்கும் என்பதை அவனுக்குப் புரியவைக்க முடியவில்லை. வந்த படத்தில் தென்னிந்தியாவும் இலங்கையும் மட்டும் நிறம் தீட்டி, மிச்ச உலகம் வெறிச்சென்று கிடந்தது. கல்லூரியில் நான் சுமந்து திரிந்த ஆப்பிரிக்காவுக்கு ஒரு புள்ளிகூட இல்லை. இந்த வியாபாரத்தில் பெரிய பெயரெடுத்த அமெரிக்கக் கம்பெனி ஒன்று 2025 மார்ச்சில் திவால் மனு போட்டதும், லட்சக்கணக்கான பேருடைய பாட்டன் பாட்டிகளின் விவரம் எல்லாம் யார் கைக்குப் போகும் என்று பெரிய விவகாரம் கிளம்பியது. அங்கிள் இருந்தால், "பாட்டியையே ஏலம் உட்டுட்டானா மேன்" என்று கேட்டிருப்பார்.

எழுபதுகளில் எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்ல நான் தயாராக இல்லை. ஏரியல் சாய்ந்தால் நிகழ்ச்சி போய்விடும், தட்டு கீறினால் ஒரே வரி நூறு தடவை வரும், அங்கிளுக்கு மனசு சரியில்லை என்றால் கதவே திறக்காது. ஆனால் ஒரு பாட்டு என்னிடம் வந்து சேர, அதற்குள் அத்தனை பேர் கை பட்டிருந்தது: மாலுமி, டிரைவர், ஆன்ட்டி, மலைக்கோட்டைக் கடைக்காரர். இன்று அதே பாட்டுக்கு நடுவில் ஒருவரும் இல்லை, நானும் கைப்பேசியும்தான். ஒலி நூறு மடங்கு தேறியிருக்கிறது, ஆல்பத்தின் தலைப்புத்தான் பொய்யாகிவிட்டது என்பது என் கட்சி.

அதனால் ஒரு வேண்டுகோள். 'பீப்பிள் இன் மீ'யைத் தேடிக் கேளுங்கள். இதுவரை ஜாஸ் பக்கமே போகாதவராக இருந்தாலும் பரவாயில்லை. இயர்போனைக் கழற்றி வைத்துவிட்டு, அறையில் இன்னொருவரை, முடிந்தால் முதல் கேட்பில் பிடிக்கவில்லை என்று வாய்விட்டுச் சொல்லக்கூடிய ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேளுங்கள். முடிந்ததும், அடுத்த பாட்டைச் செயலி தானே போடுவதற்குள் அணைத்துவிடுங்கள்.